குணசுந்தரியின் இரண்டு வீட்டுக்காரர்கள்

ஆரணி கொசப்பாளையத்தில் குணசுந்தரி வீட்டுக்குப் போகிறவர்கள் திரும்பி வருவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். எழுந்தவரைக் காப்பி சொல்லி உட்கார வைப்பாள். காப்பி முடிந்தால் முருங்கைக்கீரை ஒடித்துத் தருகிறேன் என்பாள். விருந்தாளி வாசற்படி இறங்கிய பிறகுதான் அவளுக்கு முக்கியமான விஷயமே நினைவுக்கு வரும். எல்லாம் பேசித் தீர்த்துவிட்டு, கடைசியில் "போயிட்டு வாங்க" என்பாள். அதில் 'போயிட்டு' வாய்க்குள்ளேயே நின்றுவிடும். 'வாங்க' மட்டும் தெருமுனை வரை கேட்கும். மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவருக்கும் இதே மரியாதைதான். அவரும் பாவம், தவறாமல் வந்துகொண்டிருந்தார்.

புறப்படுகிறவரிடம் வெறும் 'போ' சொல்லக் கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் குணசுந்தரி அதை ஒரு நோன்பு போலக் கடைப்பிடித்தாள். தெருநாயைக்கூட 'சூ' என்பாளே தவிர 'போ' என்றதில்லை. இப்படிப்பட்டவள் வீட்டில், சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொள்கிற ஒருவர் வந்து குடியேறினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

அவள் கணவன் கமலக்கண்ணனுக்குக் கையில் வேலை உண்டு, காலில் நிலை கிடையாது. பட்டுத்தறியில் உட்கார்ந்தால் ஊர் மெச்சும்படி நெய்வான், உட்கார வேண்டுமே! கொஞ்ச நாள் அரிசி ஆலையில் எடை போட்டான், கொஞ்ச நாள் பஸ் ஸ்டாண்டில் கேசட் கடை வைத்தான். மாஸ்கோவில் நம் நாட்டுத் தேயிலையைப் பொட்டலம் கட்டுகிற கிடங்குக்குச் சென்னையில் ஒரு ஏஜெண்டு ஆள் எடுக்கிறான் என்று 1993-இல் கேள்விப்பட்டதும், மனைவியையும் பள்ளிக்கூடம் போகிற மகள் தேவிப்ரியாவையும் தறியையும் விட்டுவிட்டு விமானம் ஏறினான். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனது ஐந்து வருஷம் ஆயிற்று. தறியில் குணசுந்தரியே இறங்கி நெய்தாள். எப்போதாவது எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிடும். ஓடிப் போய் எடுத்தால் "சாப்பிட்டியா?", "சாப்ட்டேன், நீங்க?" என்பதற்குள் லைன் கட்டாகிவிடும். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அழாமல் இல்லை.

1998-இல் அந்த ஊர் ரூபிள் மண்ணாய்ப் போனது. கிடங்கை மூடினார்கள். கமலக்கண்ணன் ஒரு பெட்டியோடும் ஒற்றைக் கம்பளிப் பூட்ஸோடும் வந்து சேர்ந்தான்.

"இன்னொரு கால் எங்கங்க?" என்று கேட்டாள் குணசுந்தரி.

"ஒண்ணுதான். நீ மொதல்ல இதைப் பாத்து 'வாங்க தாத்தா'ன்னு சொல்லு."

வேறு யாராக இருந்தாலும் எதற்கு என்று கேட்டிருப்பார்கள். குணசுந்தரியிடம் யாரையாவது 'வாங்க' சொல்லச் சொன்னால் போதும். "வாங்க தாத்தா, உள்ள வாங்க, இன்னாத்துக்கு வெயில்ல நின்னுகினு" என்று மூச்சு விடாமல் அழைத்தாள். பூட்ஸ் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே, நெய்கிறவர் கால் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழியில் எதுவோ தொப்பென்று குதித்தது. இந்தக் கலவரத்தில், இத்தனை வருஷம் கழித்து வந்து நிற்கும் கணவனை 'வாங்க' என்று சொல்ல அவள் மறந்துபோனாள்.

வந்தவர் யார் என்று கமலக்கண்ணன் சாப்பிடும்போது சொன்னான். ருஷ்யாவில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்குப் பின்னால் ஒரு கிழவர் இருப்பாராம். தமவோய் என்று பெயர்.

"தமவோய்னா இன்னா?"

கமலக்கண்ணன் யோசித்தான். அந்த மொழியில் தோம் என்றால் வீடு. "வூட்டுக்காரரு," என்றான்.

"வூட்டுக்காரரு நீங்கதானே?"

"நானும்தான். அவரும்தான்."

அவன் மாஸ்கோவில் தங்கியிருந்தது, பல குடும்பங்கள் ஒரே சமையலறையில் சமைக்கிற பழைய வீடு. அத்தனை குடும்பத்துக்கும் சேர்த்து இந்த ஒரு கிழவர்தான். பழைய அரசாங்கம் கலைந்ததும் அவரவர் அறையை அவரவருக்கே எழுதிக் கொடுத்தார்கள். பிறகு கழுத்தில் தடித்த சங்கிலி போட்ட ஒருவன் வந்து ஒவ்வொரு அறையாக வாங்கி, அடுப்பை இடித்து, சுவரையெல்லாம் அட்டை வைத்து வழவழவென்று ஆக்கினான். கிழவருக்குப் படுக்க ஒரு இடுக்கு இல்லை. இப்படி வீடு போன பூதங்கள் ஊர் முழுக்கத் திரிந்தன. ஆற்றில் இருக்க வேண்டிய நீர்ப்பெண்கள் பாதாள ரயில் நிலைய வாசலில் சீப்பு விற்றார்கள். காட்டுச் சூனியக்காரி ஒருத்தி, கோழிக்கால் வைத்த தன் வீட்டையே சந்தைக்கு நடத்திக்கொண்டு வந்து பலகாரக் கடை போட்டாள். அவளிடமும் ரவுடிகள் மாமூல் கேட்டார்கள்.

"கோழிக்கால் வச்ச வூடா?" சாம்பார் ஊற்றிய கை நின்றது. "அப்ப எந்தத் தெருவுல வூட்டு வரி கட்டுவா?"

"அங்க அப்ப யாரும் எதுவும் கட்டல."

பக்கத்து அறையில் இருந்த ரிட்டையரான டீச்சரம்மா, முதியோர் விடுதிக்குப் போகும் நாளில், தன் பூட்ஸில் கிழவரை ஏற்றி அவன் கையில் கொடுத்தாள். விடுதியில் ஆளுக்கு ஒரு கட்டில்தான், தனி அடுப்பு கிடையாது. சட்டம் ஒன்றே ஒன்று. வீட்டு அம்மா 'வா' என்றால் கிழவர் வருவார். 'போ' என்றால் போய்விடுவார். அப்புறம் எந்த நாளும் அந்த வாசலை மிதிக்க மாட்டார். சொல்லுக்குப் பின்னால் இருக்கிற மனசெல்லாம் அவருக்குப் புரியாது.

கிழவர் மெல்லத்தான் கண்ணில் பட்டார். முதலில் ஒரு தாடி, பிறகு ஒரு முதுகு, பிறகு முழு ஆள். தண்ணீர்க் குடத்தின் உயரம், உடம்பெல்லாம் நரைத்த ரோமம். ஆரணி வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சித்திரை முழுக்க மண்பானையைக் கட்டிக்கொண்டு கிடந்தார். தண்ணீரில் ஆட்டு வாடை அடிக்கிறது என்று குணசுந்தரி கத்தினால், பானையின் அந்தப் பக்கத்துக்கு நகர்ந்து படுப்பார். தயிர் என்றால் உயிர். தெருவில் எங்காவது நாலு பேர் வரிசையில் நின்றால் போதும், என்ன கொடுக்கிறார்கள் என்றுகூடக் கேட்காமல் கடைசியில் போய் நின்றுகொள்வார். அந்த ஊர்ப் பழக்கம். வீட்டு ஆட்கள் கண்ணுக்கு மட்டும்தான் அவர் தெரிவார் என்பதால், மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கிற பெண்கள் இடுப்பில் கம்பளி உரசுகிறதே என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பாவில் கை வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

தமவோய்களுக்கு ஒரு குதிரையைப் பிடித்துப்போனால் அதன் பிடரி மயிரைச் சடை பின்னிவிடுவார்களாம். கொசப்பாளையத்தில் குதிரைக்கு எங்கே போவது? தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டியிருக்கும் பட்டு நூல், அதுதான் பாவு, காலை வெளிச்சத்தில் பளபளத்தது. கிழவருக்குக் கை ஊறியது. ஒரு நாள் குணசுந்தரி வந்து பார்த்தால், அரக்கு நிறப் பாவு முழுக்கப் பள்ளிக்கூடப் பெண்ணுக்குப் பின்னிவிட்ட மாதிரி அழகழகாகச் சடைகள். அவள் பிரிக்கப் பார்த்தால் இழை அறுந்தது. கமலக்கண்ணனின் விரல்களுக்குத்தான் அந்தப் பின்னல் பிடிபட்டது. அன்று பொழுது சாயும் வரை அவள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"புடிச்ச குதிரைக்குத்தான் பின்னுவாரு. உன் பாவு அவருக்குப் புடிச்சிருக்குது, சந்தோஷப்படு."

"பேஜாரு கெழவரு. இவருக்குப் புடிக்கலன்னு இங்க யாரு அழுதது?"

இதற்குள் தெருவில் வேறொரு பேச்சு கிளம்பிவிட்டது. அதற்குக் காரணம் குணசுந்தரியின் வாய்தான். கணவன் பெயரை அவள் சொல்ல மாட்டாள். இந்தக் காலத்திலும் இப்படி ஒருத்தியா என்றால், இருந்தாள். நேரில் 'என்னாங்க', மற்றவரிடம் 'எங்க வூட்டுக்காரரு', அவ்வளவுதான். மாஸ்கோவிலோ வாய் நுழையாமல் அவனைக் 'கோல்யா' ஆக்கிவிட்டார்கள். அம்மா இறந்த பிறகு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. இப்போது கிழவரும் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். எதிர்வீட்டுக் காசியம்மாளிடம் குணசுந்தரி குழாயடியில் புலம்புவாள்.

"எங்க வூட்டுக்காரரு பானையைக் கட்டிகினு தூங்கறாருக்கா."

காசியம்மாள் அன்றைக்கே கமலக்கண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு ஒடம்பெல்லாம் முடிக்கா, சீப்பு போட்டா பல்லு ஒடையுது."

குளிர் தேசத்தில் இருந்து வந்தவன், இருக்கலாம் என்று காசியம்மாள் சமாதானம் ஆனாள். ஆனால் ஒரு நாள் குணசுந்தரி, "எங்க வூட்டுக்காரரு வேலூருக்குப் போயிருக்காருக்கா. வூட்டுக்காரரு மட்டும் வூட்ல தயிர் துன்னுகினு இருக்காரு," என்று சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் கொசப்பாளையத்தில் அதைத் தெரியாத ஆள் இல்லை. குணசுந்தரிக்கு இரண்டு வீட்டுக்காரராம்.

இனிமேல் தாங்காது என்று கிழவரை அனுப்பிவிட முடிவு கட்டினாள். அவரைப் பூட்ஸில் ஏற்றி, அதைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற சேத்துப்பட்டுக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒரு வேப்பமரத்தடியில் இறக்கி வைத்து, பக்கத்தில் தயிர்சாதப் பொட்டலமும் வைத்தாள். யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. பிறகு மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னாள்.

"போயிட்டு வாங்க தாத்தா."

திரும்பும்போது பஸ் தேவிகாபுரத்தில் பஞ்சராகி நின்றது. அவள் வீடு வந்து சேர்ந்தபோது பூட்ஸ் மூலையில் கிடந்தது, கிழவர் தறிக்குழியில் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தைச் சாப்பிட்டு முடித்திருந்தார். போகச் சொன்னாள், போனார். வரச் சொன்னாள், வந்தார். இதில் அவர் மேல் என்ன தப்பு?

அடுத்தது, பக்கத்தில் சமணர் கோயில் இருக்கிற சின்னத் திருமலை. மலையில் பாறை இடுக்கு நிறைய, ஆள் சத்தம் குறைவு, உடம்புக்குக் குளுகுளுவென்று இருக்கும் என்று பெண்ணுக்குச் சம்பந்தம் பார்க்கிற மாதிரி யோசித்துத்தான் கூட்டிப் போனாள். படிக்கட்டில் பூட்ஸை வைத்தாள். "போ..." என்றாள். "போங்..." என்றாள். வயசான மனுஷரைப் பார்த்து எப்படிச் சொல்வது? "பாத்து பத்திரமா போயிட்டு வாங்க" என்று முடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பூட்ஸைத் தானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். எப்படியும் வரப்போகிறவரை எதற்கு நடக்கவிடுவது என்று அவளுக்குத் தோன்றியது.

இந்தச் சிரிப்பெல்லாம் 2001-இல் ஒரு போன் வந்ததோடு நின்றது. மாஸ்கோவில் கமலக்கண்ணனோடு வேலை பார்த்த வேலூர்க்காரன் ஜெயச்சந்திரன் பேசினான். கிடங்கு மறுபடி திறந்துவிட்டது, உனக்கு மேஸ்திரி வேலை, ஜல்தியாகப் புறப்படு என்றான். "பாக்கலாம்," என்றான் கமலக்கண்ணன். அவன் பார்க்கலாம் என்றால் பெட்டி கட்டுகிறான் என்று அர்த்தம்.

அந்தப் பேச்சு குணசுந்தரி காதிலும் விழுந்தது. தனியாக இருந்து ஒரு தரம் பார்த்துவிட்டாள், இன்னொரு தரம் அவளால் ஆகாது. மகள் வேலூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பேச வேறு யார் இருக்கிறார்கள்? அதோடு, இந்த முறை போனால் அவன் திரும்ப மாட்டான் என்று அவளுக்கு ஏனோ உறுதியாகப் பட்டது. இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. வாயெடுத்தால், "எப்ப கெளம்புறீங்க, முறுக்கு சுட்டுத் தரட்டா?" என்றுதான் வந்தது. ஊர் முழுக்க உபசாரம் செய்து பழகிய வாய், தனக்கென்று ஒன்றைக் கேட்க வேண்டிய இடத்தில் முறுக்கு சுடப் போய்விட்டது.

கோபம் முழுக்கக் கிழவர் மேல் திரும்பியது. மத்தியான வேளையில் இரண்டு வீட்டுக்காரர்களும் தறிக்குழி ஓரம் உட்கார்ந்து ருஷ்ய மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் உறுமுவார், இவன் தலையை ஆட்டுவான். அந்த ஊர் ஆசையை இவர்தான் ஊதி ஊதி எரியவிடுகிறார் என்று அவள் நம்பினாள். அதோடு சேட்டையும் கூடியது. விசாவுக்காக அவன் சென்னை போக இருந்த அன்று பாவெல்லாம் சடை. பிரித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. ஏஜெண்டு வரச் சொன்ன அன்று மறுபடி சடை. இன்னொரு நாள் அவன் போட்டோக்கள் காணாமல் போய் அரிசிப் பானைக்குள் கிடைத்தன.

"இந்த மனுஷன் இருக்கிற வரைக்கும் இந்த வூடு உருப்படாது!" என்று கத்தினாள். கண்ணாடி முன்னால் நின்று 'போங்க' என்று சொல்லிப் பழகினாள். முதலில் 'வாங்க' கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. பழகப் பழகக் கழன்றது.

தட்டுத் தடுமாறி விசாவும் வந்துவிட்டது. புறப்படும் நாளும் வந்தது. மத்தியானச் சென்னை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற கமலக்கண்ணன் சட்டைப் பையைத் தடவினான், பெட்டியைக் கவிழ்த்தான், பீரோவைத் திறந்தான்.

"பாஸ்போர்ட் எங்க, குணா?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க சிநேகிதரைக் கேளுங்க."

அவன் அறை அறையாகத் தேட, அவள் அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தறியில் போய் உட்கார்ந்தாள். பாவில் அன்றைக்கும் சடை. கையை வைத்தபோது, குழிக்குள்ளிருந்து ரோமம் அடர்ந்த ஒரு சின்னக் கை நீண்டது. பழைய பட்டுத் துணியில் சுற்றிய எதையோ அவள் மடியில் வைத்தது. பிரித்துப் பார்த்தால் பாஸ்போர்ட். கிழவர் நிமிர்ந்து, உதட்டில் விரல் வைத்து, அதை இடுப்பில் செருகிக்கொள் என்று சாடை காட்டினார். அவர் கண்கள் பயந்திருந்தன.

குணசுந்தரிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் போனுக்குப் பிறகு சடை விழுந்த நாட்களை யோசித்தாள். எல்லாம் அவன் கிளம்ப இருந்த நாட்கள். அவன் மட்டுமே பிரிக்கக் கூடிய பின்னல், பொழுதுக்கும் அவள் எதிரில் உட்கார்ந்து பிரிக்க வேண்டிய பின்னல். இத்தனை நாளும் இந்த வீட்டில் தன் பக்கம் ஒருவர் இருந்திருக்கிறார், அவரைத்தான் ஊர் ஊராகப் பையில் தூக்கிப் போய் விட்டுவிட்டு வரப் பார்த்திருக்கிறோம் என்று எண்ணியதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. கிழவரின் தலையை ஒரு முறை தடவினாள்.

பாஸ்போர்ட்டை ஒளித்திருக்கலாம். அவள் கை இடுப்பு வரை போகவும் போனது. ஆனால், பாஸ்போர்ட் தொலைந்ததால் வீட்டில் இருக்கிற ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவன் நாளெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவள் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதை நினைத்ததும் இத்தனை வருஷ ஆத்திரமும் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தது. எழுந்து போய்ப் பாஸ்போர்ட்டை அவன் முன்னால் வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு இந்த வூடு புடிக்கலயாம். போங்க. தாராளமா போங்க."

அவள் வாயிலிருந்து 'வாங்க' ஒட்டாத 'போங்க' வந்தது அதுதான் முதல் தடவை. பழகியது வீண் போகவில்லை. கமலக்கண்ணன் அடி வாங்கியவன் போல நின்றான். அவன் வாய் திறப்பதற்குள் தறிக்குழியில் ஒரு பெருமூச்சு கேட்டது. கிழவர் மேலே ஏறி வந்தார். மூலையில் கிடந்த பூட்ஸுக்குள் இறங்கினார். பூட்ஸ் தத்தித் தத்தி வாசற்படி வரை போனது, அங்கே ஒரு கணம் நின்றது, பிறகு தெருவில் இறங்கிவிட்டது.

"ஐயோ!" என்றாள் குணசுந்தரி. "ஐயோ, அவரு எங்க போறாரு?"

"நீதானே போகச் சொன்ன?"

"நான் உங்களைச் சொன்னேன்!"

"வூட்டுக்காரருன்னு சொன்னியே."

அவள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு ஓடினாள். தோளில் பையோடு அவனும் பின்னால் ஓடினான். குழாயடியில் நின்ற காசியம்மாள், ஒற்றைப் பூட்ஸ் ஒன்று தன்னந்தனியாக நடந்து போவதையும், பின்னால் குணசுந்தரி "தாத்தா, தாத்தா" என்று கத்திக்கொண்டு ஓடுவதையும் பார்த்துக் குடத்தைக் கீழே போட்டாள்.

"அவருதான் உங்களைப் போகவிடாம பண்ணிகினு இருந்தாரு," என்றாள் குணசுந்தரி மூச்சு வாங்க. "எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

"எனக்கு மொதல்லயே தெரியும்."

"தெரியுமா?"

"ஒவ்வொரு தரமும் சொல்லுவாரு, போகாத போகாதன்னு. நானும் சடை விழட்டும்னுதான் பாத்துகினு இருப்பேன். நீதான் ஒரு தரம்கூட இருங்கன்னு சொல்லல. முறுக்கு சுடட்டான்னு கேட்ட."

அவள் இன்னும் வேகமாக ஓடினாள்.

அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது சென்னை பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பூட்ஸ் எம்பிப் படியில் ஏறியது. உள்ளிருந்து கிழவர் தலையை நீட்டிப் பார்த்தார்.

"வாங்க தாத்தா!" என்று கத்தினாள் குணசுந்தரி. அவளுக்குத் தெரிந்த அத்தனை வாங்கவையும் சொன்னாள். "உள்ள வாங்க, வூட்டுக்கு வாங்க, தயிர் வச்சிருக்கேன், வாங்க. நான் உங்களைச் சொல்லல. எங்க வூட்டுக்காரரைச் சொன்னேன்."

கிழவர் யோசித்தார். தறிக்குழியில் கற்றுக்கொண்ட தமிழில், வருத்தமே இல்லாமல், புரியாத குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"வூட்டுக்காரருன்னா நான்தானே?"

அவ்வளவுதான். அவர் தலை உள்ளே போய்விட்டது. ஒற்றைப் 'போங்க'வுக்கு முன்னால் ஆயிரம் 'வாங்க' நிற்காது என்று குணசுந்தரிக்குப் புரிந்தது. பஸ் ஸ்டாண்டின் நட்டநடுவில் நின்று அழுதாள். அந்த ஐந்து வருஷமும் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த அழுகையும் அதோடு சேர்ந்துகொண்டது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை விட்டுவிட்டு ஓடி வந்தார். கூட்டம் சேர்ந்தது.

"இன்னாம்மா ஆச்சு? ஏம்மா அழற?"

"எங்க வூட்டுக்காரரு போயிட்டாருங்க," என்று விம்மினாள். "நானே வாயால சொல்லி அனுப்பிட்டேங்க."

"அடடா," என்றார் டீக்கடைக்காரர். கூட்டத்தில் ஒரு கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் நகரத் தொடங்கியது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, பையோடு நின்ற கமலக்கண்ணனைப் பார்த்து, "சென்னையா? ஏறு சார், ஏறு, ஏறு!" என்றார். கமலக்கண்ணன் பஸ்ஸைப் பார்த்தான். அழுகிறவளைப் பார்த்தான். ஒரு கால் முன்னால் போனது, மறுகால் போகவில்லை.

டீக்கடைக்காரருக்கு அப்போதுதான் குழப்பம் வந்தது. அவரிடம் தினமும் டீ குடிக்கிற ஆள்தானே இவன்?

"வூட்டுக்காரரு போயிட்டாருன்னு சொல்ற. அப்ப இவரு யாரும்மா?"

குணசுந்தரி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவனை நேராகப் பார்த்தாள். வீட்டுக்காரர் என்று இன்னொரு முறை சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.

"இவரு கமலக்கண்ணன்," என்றாள். பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பி, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"கமலக்கண்ணன் ஏற மாட்டாரு. நீங்க விசில் குடுங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போனது. கமலக்கண்ணன் தோளிலிருந்த பையைக் கழற்றித் தரையில் வைத்தான்.